சுற்றவாளி

டிப்பரின் வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவன் லவன்தான். அதில் சறோஜினிதேவிக்கு அன்றைக்கும் சந்தேகம் இருக்கவில்லை, பிறகு ஒருநாளும் வரவுமில்லை.

ஆளை ஆள் மாறிப் பிடிக்கிற கண் இல்லை அவளுடையது. புங்குடுதீவில் பதினெட்டு வருஷமாகச் சைக்கிளில் தபால் கொடுக்கிறவள். எந்தப் படலைக்குள் கடிநாய் நிற்கும், எந்த வீட்டில் யார் கையெழுத்து வைப்பார், யார் பெருவிரல் வைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். லவனுக்கு வந்த பதிவுத்தபால்களையும் அவன் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். தர்மகுலசிங்கத்தாரின் ஒரே மகன் அவன். தகப்பனுக்கு மூன்று டிப்பர், யாழ்ப்பாணத்தில் சீமெந்துக் கடை, ஊர்க் கோயில் சபையில் தலைவர் பதவி. மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிள் ஓடத்தான் லைசென்ஸ் இருந்தது.

2022ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். மடத்துவெளி வீதியால் அவள் பையோடு வந்துகொண்டிருக்க, முன்பள்ளி முடித்து ஸ்கூட்டியில் வந்த பிரியவதனி பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, வெயில் ஏறிவிட்டது, வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். சரவணமுத்துவின் மூத்த மகள். முன்பள்ளி ஆசிரியை. இன்னும் நாலு படலை கிடக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள் சறோஜினிதேவி. பெட்டை தலையாட்டிவிட்டு முன்னால் போனாள். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு மதில் மூலையில் அவள் திரும்பவும், மறுபக்கத்தால் மண் ஏற்றிய டிப்பர் வந்து அடிக்கவும் சரியாக இருந்தது.

அடித்த டிப்பர் ஐம்பது யார் தூரம் தள்ளிப் போய்த்தான் நின்றது. லவன் இறங்கினான். சறோஜினிதேவியைப் பார்த்தான். "அக்கா, நான் காணேல்லை, சத்தியமாக் காணேல்லை" என்று இரண்டு தரம் சொன்னான். மற்றக் கதவால் அமலதாஸ் இறங்கினான். தர்மகுலசிங்கத்தாரிடம் சம்பளத்துக்கு டிப்பர் ஓடுகிற பெடியன். முதலாளியின் மகன் ஓடிப் பழக ஆசைப்பட்டதால் அன்றைக்கு இடப்பக்கம் இருந்து வந்தவன். லவன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. சறோஜினிதேவி தெருவில் குந்தியிருந்து பிரியவதனியின் தலையை மடியில் வைத்திருந்தாள். அம்புலன்ஸ் வருவதற்கு முன்னமே அந்த உடம்பு பாரமாகிவிட்டது.

பின்னேரம் பொலிஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சார்ஜன்ட் எழுதினார். லவனின் பெயர் வந்ததும் எழுத்து நின்றது. இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். பிறகு கான்ஸ்டபிள், சாரதி அரை மணித்தியாலத்துக்கு முன்னம் தன் பாட்டில் வந்து சரணடைந்துவிட்டார் என்றான். பெயர் அமலதாஸ். ஒரு சட்டத்தரணியோடு வந்திருக்கிறார்.

"அவர் இல்லைத் தம்பி. அவர் பக்கத்திலை இருந்தவர்."

"அம்மா, உதுகளைக் கோட்டிலை சொல்லுங்கோ. இஞ்சை நாங்கள் எழுதிறது வெறும் வாக்குமூலம். அங்கை சத்தியம் பண்ணிச் சொல்லுறதுதான் சாட்சி."

அந்தச் சொல் அவளுக்குச் சரியென்று பட்டது. கோடு, நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறதுதானே. எழுதியதை அவளால் வாசிக்க முடியாது. கான்ஸ்டபிள் சாராம்சத்தைச் சொன்னான், டிப்பர் மோதியதைக் கண்டதாக எழுதியிருக்கிறது என்று. பதிவுத்தபால் வாங்குகிற ஒவ்வொருவருக்கும், வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பம் வையுங்கள் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லி வந்தவள், அன்றைக்கு வாசிக்காமல் ஒப்பம் வைத்தாள்.

அமலதாஸ் இரண்டு கிழமை சிறையில், விளக்கமறியலில் இருந்தான். பிறகு பிணையில் வந்தான். ஐந்தாறு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். சாட்சிப் பட்டியலில் முதலாவது பெயர் சறோஜினிதேவி. அவளுக்கான அழைப்பாணையைப் பொலிஸ்காரர் தபாற் கந்தோருக்கே கொண்டுவந்து தந்தார்.

அதற்கு முன் அவள் நீதிமன்றத்து வாசல் மிதித்ததில்லை. பெற்றோல், டீசல் எண்ணெய் இல்லாத வருஷம் அது. பஸ் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம். விடியப் புறப்பட்டு, கடற்பாலம் முழுக்கக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்து, வேலணையில் ஒரு கடையில் சைக்கிளை விட்டுவிட்டுக் கிடைத்த வாகனத்தில் ஏறி ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே வாங்கு நிறைய ஆட்கள். மாடு திருடினது, கசிப்புக் காய்ச்சினது, வேலிச் சண்டை என்று பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழும்பிப் போய்க் கூண்டுக்குள் நின்றார்கள். வழக்குக்கு இரண்டு நிமிஷம். அநேகமானவற்றுக்குக் கிடைத்தது அடுத்த தவணைத் திகதிதான்.

கூண்டுக்குள் நிற்பவரை "எதிரி" என்றார்கள். அமலதாஸின் பெயரைக் கூப்பிட்டபோதும் எதிரி என்றுதான் சொன்னார்கள். அவள் அவனைப் பார்த்தாள். கையில்லாத பெனியனோடு மண் அள்ளுகிறவனாகத்தான் அவனைத் தெரியும். இன்றைக்கு மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு. யாரோ வாங்கிக் கொடுத்தது. யாருக்கு எதிரி இந்தப் பெடியன்?

குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். கவலையீனமாக வாகனம் செலுத்தி மரணம் விளைவித்தது. குற்றவாளியா சுற்றவாளியா என்று நீதவான் கேட்டார். அமலதாஸ் தன் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு, "சுற்றவாளி" என்றான். சாட்சிகளைக் கேட்கிற விளக்கத்துக்கு வழக்கைத் திகதியிட்டார்கள்.

அந்தச் சொல் அவளுக்குப் புதிது. வெளியே கன்ரீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு இளம் பெண் சட்டத்தரணியிடம் கூச்சத்தோடு கேட்டாள். தக்ஷாயினி என்று பெயர். நயினாதீவில் ஒரு குருக்களின் மகள். சறோஜினிதேவியின் களைத்த முகத்தைப் பார்த்துவிட்டு, இருங்கள் என்று கதிரையை இழுத்துப் போட்டாள். எதிரி என்றால் பகையாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். அப்படி அவர் சொல்லிவிட்டால் குற்றத்தை நிரூபிக்கிற பாரம் முழுக்கப் பொலிஸாருடையது. அதற்குத்தான் சாட்சிகள். நியாயமான ஒரு சந்தேகம் வந்தாலும் எதிரியை விட்டுவிட வேண்டும்.

"அப்ப நான் சொல்லலாம்தானே, பிள்ளை? ஓட்டினது வேறை ஆள் எண்டு?"

தக்ஷாயினி தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். பிறகு குரலைத் தணித்து, கூண்டில் ஏறி என்ன கண்டீர்களோ அதைச் சொல்லுங்கள், சொல்ல வேண்டியது உங்கள் கடமை, இதற்கு மேலே இந்த வழக்கைப் பற்றி நான் கதைக்கக் கூடாது என்றாள். ஆள் யாரென்று சந்தேகம் இருந்தால் தொடக்கத்திலேயே அடையாள அணிவகுப்பு வைத்திருப்பார்கள், பல பேரை வரிசையில் விட்டுக் காட்டச் சொல்லியிருப்பார்கள். இங்கே ஆள் தானாகவே வந்ததால் ஒருவரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது சறோஜினிதேவிக்கு மனம் லேசாக இருந்தது. அமலதாஸ் தன்னைச் சுற்றவாளி என்றுதானே சொன்னான். உண்மையைத்தானே சொன்னான். தான் போய் மிச்சத்தைச் சொன்னால் சரி என்று நினைத்தாள்.

அது மூன்று வருஷம் இழுத்தது. ஒரு தவணையில் எதிரியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. ஒரு தவணையில் வாகனப் பரிசோதகர் வரவில்லை. ஒருமுறை நீதவான் மாறிப் போனார். புதியவர் வந்து வழக்குக் கோவையைப் பார்க்க நேரம் வேண்டுமென்றார். இன்னொருமுறை மின்சாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள், நல்ல சேலை உடுத்தாள், சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கதவு, அதைத் திறந்த கை, லவனின் முகம், அவன் சொன்ன சொல். மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில நாளில் தபால் கொடுக்கப் போகும்போதே அந்த மதில் மூலையில் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஊர் அவளை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. தர்மகுலசிங்கத்தாரே கோயில் வாசலில் கண்டால், என்ன சறோ, சுகமோ என்று கேட்பார். ஆனால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்துகிற வீடுகள் இப்போது படலையிலேயே கடிதத்தை வாங்கின.

மூன்றாம் வருஷம் மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, சரவணமுத்து அவள் வீட்டுக்கு வந்தார். மகள் செத்த நாளிலிருந்து ஒருவர் வீட்டுக்கும் போகாத மனிதர். அவள் கதிரையைத் துடைத்து வைத்தாள். அவர் இருந்து, தோளிலிருந்த துவாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சறோ, நீர் எங்கட பிள்ளைக்காகத் தவணைக்குத் தவணை அலையிறீர். அந்தக் கடமைப்பாட்டை நான் செத்தாலும் மறக்கமாட்டன். ஆனால் இனிக் காணும், விட்டிடும்."

"என்ன அண்ணை காணும்?"

அவர் நேரே சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னார். முன்பள்ளிக்குப் பிரியவதனியின் பெயரில் தர்மகுலசிங்கத்தார் ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கிறாராம், அத்திவாரம் போட்டாயிற்று. சின்னவள் பவதாரணிக்கு லண்டனில் ஒரு இடம் சரிவந்திருக்கிறதாம். நல்ல பெடியன். தர்மகுலசிங்கத்தாரின் தமக்கையின் மகன். வைகாசியில் கலியாணம்.

இந்த மனிதருக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படி இருந்து கதைக்கமாட்டார் என்று சறோஜினிதேவி நினைத்தாள். மூன்று வருஷமாகக் கோட்டுக்கென்று பொத்தி வைத்திருந்ததை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணை, ஓட்டினது அமலதாஸ் இல்லை. லவன். நான் என்ர கண்ணாலை கண்டனான்."

சரவணமுத்து துவாயை விரித்து மறுபடி மடித்தார்.

"தெரியும்" என்றார். "செத்தவீட்டண்டே தெரியும்."

அவராகவே சொன்னார். அந்தப் பெடியனை மறியலில் போட்டால் பிரியவதனி எழும்பி வரப்போகிறாளா என்றார். இருக்கிற ஒரு பிள்ளையை இந்தப் பூட்டின வீடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார். போகும்போது படலையில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்து நின்றாள். அவர் படலையைக் கொழுவிவிட்டுப் போனார்.

அடுத்த தவணை தைமாதம். வழக்கைக் கூப்பிடுவதற்கு முன், வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்ற அமலதாஸ் அவளிடம் வந்தான். கூட அவன் தாய் செபஸ்தியம்மா, குறிகட்டுவான் பக்கம் கரைவலைக்காரரிடம் மீன் வாங்கிக் கருவாடு போடுகிறவள். தாய் தள்ளி நின்றாள். அவன் மட்டும் கிட்ட வந்து, இன்றைக்கு உங்களைத்தான் முதலாவதாகக் கூப்பிடுவார்களாம் என்றான்.

"ஓம். நான் கண்டதைச் சொல்லப் போறன். நீ பயப்பிடாதை, நீ விடுதலையாகிடுவாய்."

"அக்கா, எனக்கு விடுதலை வேண்டாம்."

அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். முதலாளி அம்மாவுக்குக் கல்வீடு கட்டித் தந்திருக்கிறார். காணி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வழக்கு முடிய அம்மாவின் பெயருக்குக் காணி உறுதி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மறியல் வராது, சட்டத்தரணி எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று வாக்குத் தந்திருக்கிறார்கள். நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன், அம்மா தெருவுக்கு வந்துவிடுவா. இதைச் சொல்லி முடிக்க முதல் பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

சறோஜினிதேவி சாட்சிகளுக்கான வாங்கில் இருந்தாள். பின்னால் சரவணமுத்து இருந்தார். லவன் வரவில்லை, அவன் ஒரு தவணைக்கும் வந்ததில்லை. வர வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. அவன் பெயர் அந்தக் கோவையில் ஓர் இடத்திலும் இல்லை.

எதிரியின் சட்டத்தரணி எழும்பினார். தனது கட்சிக்காரர் முன்பு சுற்றவாளி என்று கூறியதை மீளப்பெற்றுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புகிறார் என்றார். நீதவான் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர் அவர், அவசரப்படவில்லை. குற்றப்பத்திரிகையை மறுபடி வாசிக்கச் செய்தார். இதை உமது சொந்த விருப்பத்தில்தான் சொல்கிறீரா, யாரும் வற்புறுத்தினார்களா என்று கேட்டார்.

"இல்லை ஐயா. குற்றவாளி."

ஒரேயொரு எழுத்துத்தான் மாறியது. அதற்குப் பிறகு எல்லாம் கையில் எடுத்து வைத்ததுபோல நடந்தது. பொலிஸ் தரப்பு சம்பவத்தைச் சுருக்கமாகச் சொன்னது. சட்டத்தரணி, எதிரி இளம் வயதினர், முற்குற்றம் இல்லாதவர், விதவைத் தாயின் ஒரே பிள்ளை, இறந்தவரின் குடும்பத்தோடு இணக்கம் ஏற்பட்டுவிட்டது என்றார். நீதவான் இறந்தவரின் தகப்பன் வந்திருக்கிறாரா என்று கேட்டார். சரவணமுத்து எழும்பி, தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று தெளிவாகச் சொன்னார். இரண்டு வருஷச் சிறை, அது ஐந்து வருஷத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. தண்டப்பணம். சாரதி அனுமதிப்பத்திரம் ரத்து. ஒத்திவைத்த சிறை என்றால் என்ன என்பதை நீதவானே அமலதாஸுக்கு விளக்கினார்: இப்போது மறியலுக்குப் போகத் தேவையில்லை, ஆனால் இந்த ஐந்து வருஷத்துக்குள் மறியலுக்குரிய வேறு குற்றம் செய்தால் இந்த இரண்டு வருஷமும் சேர்ந்து வரும். விளங்குகிறதா? விளங்குகிறது ஐயா.

"சாட்சிகள் விடுவிக்கப்படுகிறார்கள்."

சறோஜினிதேவி எழும்பினாள். எழும்ப வேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை. கால் தானாக எழும்பியது. "ஐயா" என்றாள். சேவகர், இருங்கோ அம்மா, உங்களுடைய வேலை முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினார். நீதவான் அவரைத் தடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா? ஏதும் சொல்ல வேணுமோ?"

மூன்று வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி அது. முழுக் கோடும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் அமலதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். கடைசி வாங்கில் செபஸ்தியம்மா இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். சரவணமுத்து மட்டும் அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்த கதவும் கையும் முகமும் தொண்டை வரை வந்தன.

"ஒண்டுமில்லை, ஐயா."

நீதவான் தலையை ஆட்டினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

இரக்கப்பட்டுத்தான் வாயை மூடினேன் என்று அவள் பிறகு பல நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தாயின் வீடு, ஒரு பெட்டையின் கலியாணம், இரண்டையும் ஒரு வார்த்தையால் உடைக்க நான் யார்? ஆனால் இரக்கத்துக்கு முன்னம் பயம் வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்க, தான் தனியாக மறுபக்கம் நிற்கிற பயம். சைக்கிளோடு ஒவ்வொரு படலையிலும் போய் நிற்க வேண்டியவளுக்கு அந்தப் பயம் சின்னதில்லை.

பங்குனியில் லவன் பிரான்சுக்குப் போனான். வைகாசியில் பவதாரணியின் கலியாணம் கொழும்பில் நடந்தது. அழைப்பிதழ்களைச் சறோஜினிதேவிதான் ஊரெல்லாம் கொடுத்தாள். அவள் பெயருக்கும் ஒன்று வந்தது. முன்பள்ளிக் கட்டடத்தைத் தர்மகுலசிங்கத்தார் நாடா வெட்டித் திறந்து வைத்தார்.

அமலதாஸுக்கு ஸ்டியறிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. லைசென்ஸ் போனது. கொஞ்ச நாள் கடையில் சீமெந்து தூக்கினான். பிறகு முதலாளி, பக்கத்தில்தானே, ஒருவரும் மறிக்கமாட்டார்கள் என்று சொல்லி டிப்பரைத் திரும்பக் கையில் கொடுத்தார். ஆவணியில் அல்லைப்பிட்டிக்குக் கிட்டப் பொலிஸார் மறித்தார்கள். லைசென்ஸ் இல்லை, மண்ணுக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை. என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவன் என்று முதலாளி வாக்குமூலம் கொடுத்தார். புதிய குற்றத்துக்கு ஆறு மாதம். ஒத்திவைத்திருந்த இரண்டு வருஷமும் அன்றைக்கே விழித்துக்கொண்டது.

தீர்ப்பு வந்த நாலாம் நாள் செபஸ்தியம்மா தபாற் கந்தோர் வாசலில் வந்து நின்றாள். கோபமாக வந்திருப்பாள் என்று சறோஜினிதேவி நினைத்தாள். அப்படியில்லை. "தங்கச்சி, நீங்கள் கண்டதை இப்ப வந்து சொல்லேலாதோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இரண்டு பேருமாகத் தக்ஷாயினியைத் தேடிப் போனார்கள். அவளுக்கு இப்போது நீதிமன்றத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு கந்தோர் இருந்தது. பொறுமையாக முழுவதையும் கேட்டாள். மேன்முறையீட்டுக்குப் பதினாலு நாள்தான் தவணை, அது எப்போதோ போய்விட்டது என்றாள். மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு என்று ஒன்று கேட்கலாம். அதற்கு அமலதாஸ் முதலில் கையெழுத்து வைக்க வேண்டும். திறந்த நீதிமன்றத்தில் தான் பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று அவரே சொல்ல வேண்டும். அவன் வைக்கமாட்டான் என்றாள் செபஸ்தியம்மா. மறியலில் போய்க் கேட்டாளாம். வீட்டுக்கு இன்னும் உறுதி எழுதவில்லை, பொறுங்கோ அம்மா என்று சொன்னானாம்.

"நான் தனியச் சொல்லேலாதோ, பிள்ளை?" என்று சறோஜினிதேவி கேட்டாள்.

"சத்தியக்கடதாசி ஒண்டு முடிக்கலாம். சத்தியம் பண்ணி எழுத்திலை குடுக்கிறது." தக்ஷாயினி மேசையில் கிடந்த ஒரு கடதாசிக் கட்டைத் திருப்பினாள். அந்த வழக்கேட்டின் பிரதியைச் செபஸ்தியம்மா எடுத்து வந்திருந்தாள். "ஆனால் அக்கா, மேல் நீதிமன்றத்திலை கேக்கிற முதல் கேள்வி இதுதான். அண்டைக்கு நீதவான் உங்களைப் பாத்து ஏதும் சொல்ல வேணுமோ எண்டு கேட்டவர். இஞ்சை பதிஞ்சிருக்கு. நீங்கள் சொன்ன மறுமொழியும் பதிஞ்சிருக்கு."

அவள் விரல் வைத்த இடத்தைச் சறோஜினிதேவி வாசித்தாள். முதலாம் சாட்சி: ஒன்றுமில்லை. அந்த வழக்கில் அவள் பெயருக்கு நேரே இருந்தது அந்த ஒரு சொல்தான். பொலிஸில் ஒப்பம் வைத்த தாளைப் போல இல்லை இது. தமிழில் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றார்கள். வெயில் தலையில் ஏறியது. செபஸ்தியம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, யாரிடமோ சொல்லுவது போலச் சொன்னாள்.

"அண்டைக்கு நான் கும்பிட்டிருக்கக் கூடாது. நீங்கள் சொல்லத்தானே எழும்பினனீங்கள். நான் கும்பிட்டபடியாலைதானே இருந்தனீங்கள்."

இல்லை அக்கா, உங்கள் கும்பிடு அல்ல, என்னுடைய பயம்தான் என்று சறோஜினிதேவி அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தாய்க்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். வாய் வரை வந்ததை அவள் சொல்லவில்லை. பழியில் பாதியை இந்த மனிசியும் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டது சரியில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பஸ் வந்தது. செபஸ்தியம்மா முன்னால் ஏறி யன்னல் பக்கம் இருந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையை வைத்து அவளுக்காகப் பிடித்தாள். சறோஜினிதேவி அவளைக் கடந்து பின்னால் போய், தனியாக ஒரு சீற்றில் இருந்தாள்.